கரடியை நகர்த்துவதா, குப்பையை மூடுவதா?

அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவின் பக்கத்து ஊர்களில் கிரிஸ்லி என்ற பெரிய பழுப்புக் கரடி ஒன்று குப்பைத் தொட்டியைக் கிளற ஆரம்பித்தால் இரண்டு வழிகள். ஒன்று, பிடித்து வெகுதூரம் கொண்டுபோய் விடுவது. இன்னொன்று, கரடியால் திறக்க முடியாத தொட்டி, கோழிக்கூண்டைச் சுற்றி மின்வேலி.

முதல் வழியில் புகார் உடனே அடங்கும். ஆனால் கிரிஸ்லி வழி மறக்காது. பல மலைகளைத் தாண்டித் திரும்பி வந்தவை உண்டு. வராவிட்டாலும், புது இடத்தில் இன்னொரு பண்ணை இருக்குமே! மனிதர் சாப்பாட்டின் ருசி கண்ட கரடி மறுபடி மறுபடி மாட்டினால், கடைசியில் பெரும்பாலும் சாவுதான்.

தொட்டிக்கும் வேலிக்கும் செலவு உண்டு, ஊரே ஒத்துழைக்க வேண்டும். ஒரு வீட்டார் திறந்து போட்டாலும் போச்சு. அப்புறம், அவசரமும் ஆகாது. 1970 வாக்கில் பூங்காவின் குப்பைமேடுகளைச் சட்டென்று மூடியபோது, அங்கே தின்று பழகிய கரடிகள் முகாம்களுக்குள் புகுந்து ஏராளமாகக் கொல்லப்பட்டன. அலாஸ்கா நீங்கலான அமெரிக்காவில் 1975-இல் கிரிஸ்லிக்குச் சட்டப் பாதுகாப்பே தர வேண்டியதாயிற்று.

ஆனாலும் என் ஓட்டு தொட்டிக்குத்தான். சாலைக்கு மட்டும் இரண்டுமே உதவாது: 399 என்ற எண்ணால் புகழ்பெற்ற தாய்க்கரடி, 2024 அக்டோபரில் வயோமிங்கில் வாகனம் மோதித்தான் செத்தது.