கழுத்து டாப்ளரா, பிரஷர்-சுகர் சோதனையா?

“அப்பாவுக்கு எழுபது தாண்டிடுச்சு, கழுத்து ஸ்கேன் எடுத்துடலாமா?” கிருஷ்ணகிரிப் பக்கம் அடிக்கடி காதில் விழும் கேள்வி. மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கழுத்துக் குழாயில் அடைப்பு இருக்கா என்று பார்க்கும் ஸ்கேன்தான் டாப்ளர். பக்கவாதத்தைத் தடுக்க இதுவா, பிரஷர்-சுகர் சோதனையா?

வலி: இரண்டிலும் பெரிதாக இல்லை. சுகருக்கு ஒரு சின்ன ஊசிக் குத்து. டாப்ளருக்கு ஜெல் தடவி, கழுத்தில் கருவியை நகர்த்துவார்கள், அவ்வளவுதான்.

செலவு: டாப்ளருக்கு வெளியில் காசு. பிரஷர், சுகர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவரும் மக்களைத் தேடி மருத்துவம் 2021-ல் தொடங்கியதே நம்ம சாமனப்பள்ளியில்தான்!

பின்விளைவு: சிக்கலே இங்கேதான். டாப்ளர் இல்லாத அடைப்பையும் காட்டலாம். பிறகு மருந்து ஏற்றி சிடி ஸ்கேன், சிலருக்கு அடைப்பை நீக்க ஆபரேஷன். அந்த ஆபரேஷனே பக்கவாதத்தைக் கொண்டுவரலாம். அறிகுறி இல்லாதவர்களுக்கு இந்த ஸ்கேன் வேண்டாம் என்று அமெரிக்கத் தடுப்பு மருத்துவக் குழு 2021-லும் சொன்னது.

நன்றாக நடமாடுபவருக்கு பிரஷர், சுகர், கொழுப்பு பார்த்து, பீடியை விட வைத்தாலே போதும். ஒரு கண் திடீரென இருண்டாலோ, வாய் கோணினாலோ, கை விளங்காமல் போனாலோ, அது தானே சரியானாலும் உடனே 108. அப்படி அறிகுறி வந்தவருக்கு டாப்ளர் அவசியம்.