99-ஐ எந்த மொழியில் சொல்வது சுலபம்?

புதிதாக ஒரு மொழியைக் கட்டுகிறவர் மற்ற சொற்களையெல்லாம் தன் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம். எண்ணில் அது நடக்காது, கணக்கு இடிக்கும். ஏற்கெனவே கட்டப்பட்ட நான்கு மொழிகளில் 99 எப்படி வருகிறது என்று பார்த்தேன்.

சோன்யா லாங் 2001-இல் வெளியிட்ட டோக்கி போனாவில் வான் என்றால் ஒன்று, டூ என்றால் இரண்டு, அதற்கு மேல் மூட்டே, அதாவது 'நிறைய'. போதாது என்பவர்களுக்கு இன்னொரு முறையும் உண்டு: லூகா (கை) 5, மூட்டே 20, ஆலே 100. அதில் 99 சொல்ல நான்கு மூட்டே, மூன்று லூகா, இரண்டு டூ, ஆக ஒன்பது சொற்கள். மளிகைக் கணக்குக்கு ஆகாது. சிக்கனமாக வாழச் சொல்லும் மொழி, எண்ணையும் சிக்கனமாகவே வைத்திருக்கிறது.

'அவதார்' படத்துக்காக பால் ஃப்ராமர் உருவாக்கிய நாவி மொழி எட்டின் அடிமானத்தில் எண்ணுகிறது. படத்தில் அதைப் பேசும் நாவி மக்களுக்குக் கைக்கு நான்கு விரல்தானே! 99 என்பது அங்கே ஒரு அறுபத்து நாலு, நாலு எட்டு, ஒரு மூன்று. கதைக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு கிடையாது. ஆனால் மனிதர்களின் போன் நம்பரைச் சொல்ல 8-க்கும் 9-க்கும் இலக்கம் இல்லாமல், எய்ட், நைன் என்று ஆங்கிலத்திடம் கடன் வாங்க வேண்டியதாயிற்று.

தர்க்க விதிகளை அடிப்படையாக வைத்துக் கட்டிய மொழியான லோஜ்பானில் 99 வெறும் 'சோசோ'. ஒவ்வோர் இலக்கத்துக்கும் ஓர் அசை, எழுதுகிற வரிசையில் அப்படியே வாசித்துவிடலாம். இன்னொரு அழகும் உண்டு: ரெ 2, ஸெ 7, வோ 4, சோ 9. ஒரே உயிரொலியில் முடியும் இந்த ஜோடிகளுக்கு நடுவே ஐந்து வித்தியாசம். மனப்பாடத்துக்கு வசதிதான், காதுக்குத்தான் ஆபத்து. 203 என்பது 'ரெனோஷி'. சந்தை இரைச்சலில் நடு அசை விழுங்கப்பட்டால் 'ரெஷி', அதாவது 23! பத்து, நூறு என்று இடத்தைச் சொல்லும் சொல் எதுவும் இல்லாததால், தவறைக் கண்டுபிடிக்கவும் வழியில்லை.

1887-இல் ஸாமென்ஹாஃப் வெளியிட்ட எஸ்பெராண்டோ அந்தச் சொற்களை விடவில்லை. நவ் 9, தெக் 10, அதனால் 99 என்பது 'நவ்தெக் நவ்'. ஒன்பது பத்து ஒன்பது, அவ்வளவுதான். நம் 'தொண்ணூறு' என்ற சொல் ஒன்பதிலிருந்து எப்படி வந்தது என்று குழந்தை கேட்டால் நாம் திணற வேண்டியிருக்கும், இங்கே அந்தத் தொல்லை இல்லை. சொல் கொஞ்சம் நீளம்தான். ஆனால் கடைசிச் சொல் காதில் விழாவிட்டாலும், தொகை எந்த அளவில் இருக்கிறது என்பது தப்பாது.

சரி, எதை எடுப்பது? கதை எழுதுகிறீர்கள் என்றால் நாவியின் வழி: பாத்திரங்களின் உடம்பிலிருந்து எண் பிறக்கட்டும். கணினியோடு பேசத்தான் மொழி என்றால் லோஜ்பான். மனிதர்கள் கடையில் நின்று பேச வேண்டும் என்றால், என் ஓட்டு எஸ்பெராண்டோவுக்கு. அப்போதும் ஒரு திருத்தம் செய்துவிட்டுத்தான் எடுப்பேன். அதில் 6 'செஸ்', 7 'செப்'. போனில் விலை கேட்டால் இரண்டும் ஒன்றாகவே விழும்.