லேஸ் தட்டா, மூன்று பாக அச்சுக் குடுவையா?

அமெரிக்காவின் பழைய வட்டாரக் கண்ணாடியைச் சேகரிக்க இறங்குகிறவர், பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றில்தான் தொடங்குகிறார். 1820களின் பிற்பகுதியிலிருந்து பாஸ்டன் அண்ட் சாண்ட்விச் போன்ற ஆலைகள் நெம்புகோல் எந்திரத்தில் அழுத்திச் செய்தது, பின்னல் துணி போலக் கோலம் நிறைந்த லேஸ் கண்ணாடி. சுமார் 1815 முதல் 1840 வரை கீல் வைத்த, பெரும்பாலும் மூன்று பாகமான அச்சுக்குள் ஊதிய டிகான்டர் (மது ஊற்றி வைக்கும் மூடியுள்ள குடுவை), மைக்கூடு, கிண்ணம் இன்னொரு வகை. மினுமினுப்பில் லேஸ்தான் முதலிடம்; கோப்பையை வைக்கும் அதன் சின்னத் தட்டுகள் சிறிய பணத்துக்கும் கிடைக்கும். ஆனாலும் என் சாய்வு ஊதியதன் பக்கமே. அசலைச் சோதிக்க அதில் பிடிமானம் அதிகம்.

லேஸில், உருகிய ஈயக் கண்ணாடியை அச்சில் விட்டு, கத்தரியால் துண்டித்து, உலக்கையை இறக்குவார்கள். அச்சு சூடு குறைந்திருந்தால் மேற்பரப்பு சுருக்கம் விழுந்து மங்கும். கத்தரித் தழும்பும் தெரியும். இவற்றை மறைக்கத்தான் பின்னணி நிறைய பொடிப்புள்ளிகள். கண்ணாடி குறைந்தால் விளிம்பு வளைவுகள் நிரம்பாது, கூடினால் தட்டு தடித்துவிடும். பின்னாளில் நகலாக அழுத்தியவற்றில் புள்ளிகள் மொத்தையாகவும் விளிம்பு ஒரே சீராகவும் இருப்பது வழக்கம். தட்டினால் மணியோசை வருவது ஈயம் இருப்பதற்கு நல்ல அறிகுறி. 1864இல் மேற்கு வர்ஜீனியாவின் வீலிங் நகரில் வில்லியம் லெய்டன் மலிவான சோடா-சுண்ணாம்புக் கலவையைக் கொண்டுவந்த பிறகு அழுத்துக் கண்ணாடியில் ஈயம் அருகிவிட்டது. ஆனால் ஓசையை மட்டும் நம்பி வாங்கக் கூடாது. உடைந்த விளிம்பைச் சாணை பிடித்திருந்தால் அந்த வளைவு பக்கத்து வளைவைவிடக் குட்டையாக நிற்கும்.

ஊதிய குடுவையில் விரலை உள்ளே விடுங்கள். வெளியே மேடாக இருக்கும் இடம் உள்ளே பள்ளமாகத் தட்டுப்படும். உலக்கை இறங்கிய கண்ணாடியில் உட்புறம் வழவழப்பு. மூட்டுக் கோடுகளை எண்ணுங்கள்: பெரும்பாலும் மூன்று. கோடே இல்லாமல் உள்ளும் வெளியும் வரி ஓடினால் அது ஒற்றை அச்சில் தோய்த்து ஊதிய வேறு வகை. 20ஆம் நூற்றாண்டிலும் அச்சில் ஊதிப் போலி செய்ததால், விரல் சோதனையோடு நின்றுவிட முடியாது. பழைய அச்சுகளின் வடிவங்கள் ஜியோமெட்ரிக் (கோட்டு வடிவம்), வளைவு, பரோக் (சுருள் அலங்காரம்) என்று வகைப்படுத்திப் பதிவாகியிருக்கின்றன. கையிலிருக்கும் பொருள் அவற்றில் ஒன்றோடு வரிக்கு வரி பொருந்த வேண்டும். அச்சிலிருந்து எடுத்த பிறகும் ஊதி விரித்திருந்தால் கோலம் சற்று மழுங்கியிருக்கும். அடியில் பான்டில், அதாவது வேலையின்போது பொருளைப் பிடித்திருந்த கம்பி, முறித்த தழும்பு தேடுங்கள். அடிப்பாகத்துத் தேய்மானக் கீறல் பல திசையில் ஓட வேண்டும். எல்லாம் ஒரே திசையில் இருந்தால் உப்புத்தாள் வேலை.

எந்த ஆலை என்பதில் இரு வகைக்குமே நிதானம் தேவை. நியூ ஹாம்ப்ஷயரின் கீன் ஊர் ஆலிவ் பச்சை மைக்கூடுகளை ஓரளவு துணிந்து சொல்லலாம். நிறமற்றதற்கு ‘நியூ இங்கிலாந்து’ (அமெரிக்காவின் வடகிழக்கு வட்டாரம்) என்பதோடு நிறுத்திக்கொள்வதே நேர்மை.

டிகான்டர் வாங்கினால் மூடியைத் தனியே பாருங்கள். மாற்று மூடி மிகச் சாதாரணம். உள்ளே பால்போன்ற மங்கல் இருந்தால் நனைத்தும் பாருங்கள். நனைந்ததும் மறைந்து, காய்ந்ததும் திரும்பினால் கண்ணாடியே அரித்திருக்கிறது. அது கழுவிப் போகாது, விலையைக் குறைத்துக் கேளுங்கள்.