எச்4 ஹெட்லைட் ரிலே கிட்: பழைய காருக்கு வாங்கலாமா?

மாருதி 800, ஜென், அம்பாசடர், பத்மினி என்று இருபது வயது தாண்டிய காரை இன்னும் ஓட்டுகிறவர்களிடம் ராத்திரி ஹைவே பற்றிக் கேட்டால் முதலில் வரும் குறை, "லைட்டு பத்தலை". கடையில் அதற்கு உடனே கிடைக்கும் பதில் 100/90 வாட் பல்பு. அதைத் தொடாதீர்கள். அதற்குப் பதில் வாங்க வேண்டியது ரிலே கிட். ரிலே என்பது சின்னக் கரண்டால் பெரிய கரண்டைப் போட்டு அணைக்கும் மின்காந்த சுவிட்ச். அது இருந்தால் பல்புக்குக் கரண்ட் பேட்டரியிலிருந்து நேராகப் போகும். ஆனால் கிட் என்று அட்டையில் எழுதியிருப்பதெல்லாம் ஒரே தரமில்லை. ரிலே பெரும்பாலும் பரவாயில்லாமல்தான் இருக்கும். காலை வாருவது வயரும் பல்பு ஹோல்டரும்தான்.

பெட்டிக்குள் இருப்பது இவ்வளவுதான்: இரண்டு 12 வோல்ட் ரிலே (ஒன்று டிம்முக்கு, ஒன்று பிரைட்டுக்கு), இரண்டு எச்4 ஹோல்டர் (எச்4 என்பது டிம்முக்கும் பிரைட்டுக்கும் தனித்தனி இழை உள்ள ஒரே பல்பு), காரின் பழைய ஹோல்டரில் செருக ஒரு மூன்று பின் ஆண் பிளக், பியூஸ் ஹோல்டர், பேட்டரி பாசிட்டிவுக்கு ஒரு வளைய லக் (வயர் முனையில் மாட்டும் உலோகத் துண்டு), எர்த்துக்கு இரண்டு லக். காரின் ஒரிஜினல் வயரை எங்கும் வெட்ட வேண்டியதில்லை. பிடிக்காவிட்டால் கழற்றி எடுத்துவிட்டுப் பழையபடி மாட்டிக்கொள்ளலாம். இந்த ஒரு காரணத்துக்காகவே, ஆளுக்கொரு விதமாக டேப் சுற்றி ரிலே போட்டுத் தருவதைவிட கிட் மேல்.

பழைய வயரிங்கில் நடப்பது என்ன? பேட்டரியிலிருந்து கரண்ட் கிளம்பி டேஷ்போர்டுக்குள் போய், லைட் சுவிட்ச், டிம் சுவிட்ச் (பழைய அம்பாசடரில் காலால் மிதிக்கும் டிப்பர்), பியூஸ் எல்லாம் தாண்டி மறுபடி முன்பக்கம் வருகிறது. 0.75 சதுர மில்லிமீட்டர் செம்பு வயருக்கு மீட்டருக்குச் சுமார் 25 மில்லி ஓம் தடை. நான்கு மீட்டர் சுற்றினால் 0.1 ஓம். இரண்டு டிம் பல்பும் சேர்ந்து 10 ஆம்ப் இழுக்கும்போது வயரில் மட்டுமே ஒரு வோல்ட் காலி. சுவிட்சின் கருகிய கான்டாக்ட், களிம்பு பூத்த பியூஸ் கிளிப், தளர்ந்த எர்த் எல்லாம் சேர்ந்தால் இன்னொரு வோல்ட். ஹாலஜன் பல்பில் வோல்டேஜ் குறையும் அளவுக்கு மட்டும் வெளிச்சம் குறையாது. அதைவிடப் பல மடங்கு வேகமாக விழும். 10 சதவீதம் வோல்டேஜ் போனால் 30 சதவீத வெளிச்சம் போகும். 20 சதவீதம் போனால் பாதிகூட மிஞ்சாது. மஞ்சளாக எரியும் லைட்டுக்குக் காரணம் பெரும்பாலும் பல்பு இல்லை என்பது இதனால்தான்.

கிட் போட்டால் அந்த 10 ஆம்ப் டேஷ்போர்டுப் பக்கம் போகவே போகாது. பழைய சுவிட்சுக்கு மிஞ்சுவது ரிலேயின் காயில் (உள்ளே இருக்கும் காந்தச் சுருள்) இழுக்கும் சுமார் 0.15 ஆம்ப் மட்டும். சூடாகி நாற்றமடிக்கும் காம்பினேஷன் சுவிட்சுக்கும் ஆயுள் நீளும்.

வாங்கும் முன் மல்டிமீட்டரை எடுங்கள். இன்ஜினை ஓடவிட்டு, லைட்டைப் போட்டு, பேட்டரி முனையில் பாருங்கள். 13.8 முதல் 14.4 வோல்ட் வரை காட்ட வேண்டும். 13-க்குக் கீழே இருந்தால் ஆல்டர்னேட்டரையோ பெல்ட்டையோ கவனியுங்கள், கிட் உதவாது. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் போயிருக்கிறது, அடிக்கடி பல்பு பியூஸ் ஆவதற்கு அதுவே காரணம். அடுத்து, மீட்டரின் சிவப்பு முனையை பேட்டரி பாசிட்டிவில் வைத்து, கறுப்பு முனையை எரிந்துகொண்டிருக்கும் பல்பின் ஹோல்டருக்குப் பின்பக்கமாக மெல்லிய ஊசி வழியே டிம் பின்னில் தொடுங்கள். காட்டும் எண் அந்தப் பாதையில் தொலையும் வோல்டேஜ். 0.5-க்குள் இருந்தால் உங்கள் வயரிங் ஆரோக்கியம், கிட் தேவையில்லை. 1.5 என்று வந்தால் கிட் போட்ட அன்றே வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். கறுப்பு முனையை பேட்டரி நெகட்டிவிலும் சிவப்பை ஹோல்டரின் எர்த் பின்னிலும் வைத்து அந்தப் பக்கத்தையும் பாருங்கள், 0.2-க்கு மேல் வரக்கூடாது.

இந்தச் சோதனையில் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஹோல்டரைப் பல்பிலிருந்து பிடுங்கிவிட்டு அளப்பது. லோடு இல்லாத வயர் ஒரே ஒரு இழையில் தொங்கிக்கொண்டிருந்தாலும் 12 வோல்ட் முழுசாகக் காட்டும். "கரண்ட் வருது சார், பல்புதான் போச்சு" என்ற தீர்ப்பு அங்கேதான் பிறக்கிறது.

ஒரு பக்க லைட் மட்டும் மங்கல் என்றால் கிட்டை மறந்துவிட்டு அந்தப் பக்க எர்த்தைப் பாருங்கள். டிம் போட்டால் ஒரு லைட் மட்டும் மங்கி, கூடவே டேஷ்போர்டில் பிரைட்டைக் காட்டும் நீல விளக்கும் லேசாக எரிந்தால் சந்தேகமே வேண்டாம், எர்த் விட்டுப்போயிருக்கிறது. வெளியேற வழியில்லாத கரண்ட் அதே பல்பின் பிரைட் இழை வழியாகத் திரும்பி ஓடுகிறது. பாடியில் எர்த் பிடித்த ஸ்குரூவைக் கழற்றி, பெயிண்டையும் துருவையும் சுரண்டி, நட்சத்திர வாஷர் போட்டு இறுக்கினால் போதும். டிம் இரண்டும் எரிந்து, பிரைட் இரண்டும் எரியாவிட்டால் முதலில் பியூஸ், பிறகு டிம் சுவிட்ச்.

இனி கடையில் எதைப் பார்க்க வேண்டும்? முதலில் வயர். பேட்டரியிலிருந்து ரிலேக்கு 2.5 சதுர மில்லிமீட்டர், ரிலேயிலிருந்து ஒவ்வொரு லைட்டுக்கும் 1.5, இதற்குக் குறைந்தால் வேண்டாம். வெளி உறையின் பருமனைப் பார்த்து ஏமாறக்கூடாது. மலிவு கிட்டுகளில் விரல் தடிமனுக்கு பிவிசி, உள்ளே நாலு இழை. லக் மாட்டிய முனையில் தெரியும் இழையை பிளேடால் சுரண்டிப் பாருங்கள். வெளியே செம்பு நிறம், உள்ளே வெள்ளை என்றால் அது செம்பு முலாம் பூசிய அலுமினியம். தடை செம்பைவிட ஒன்றரை மடங்குக்கு மேல். நாலு தடவை மடக்கினால் இழை முறியும். மழைத் தண்ணீர் பட்டால் லக்கோடு சேரும் இடத்தில் பொடியாகிவிடும். வெளியே வெள்ளி நிறம், சுரண்டினால் செம்பு என்றால் பயப்பட வேண்டாம், அது வெள்ளீயம் பூசிய நல்ல வயர். இந்தச் சுரண்டலுக்கு அனுமதிக்காத கடையில் வாங்காதீர்கள். சென்னைக்காரர்கள் ஜி.பி. ரோட்டில் நாலு கடை ஏறி இறங்கினால் கையில் எடுத்துப் பார்த்தே வாங்கலாம். ஆன்லைன் படத்தில் இழை தெரியாது.

அடுத்து ஹோல்டர். வெள்ளை செராமிக் ஹோல்டர் உருகாது என்பது உண்மை. ஆனால் உருகுவதற்கே காரணம் உள்ளே இருக்கும் தகடு பல்பின் பின்னை இறுக்கமாகப் பிடிக்காததுதான். தளர்ந்த தகடு செராமிக்குக்குள் இருந்தாலும் சூடாகும், வோல்டேஜைத் தின்னும். பல்பைச் செருகி இழுத்துப் பாருங்கள். கொஞ்சம் மல்லுக்கட்டித்தான் வெளியே வர வேண்டும்.

பியூஸ்தான் பெரும்பாலான கிட்டுகளின் பலவீனம். டிம், பிரைட் இரண்டுக்கும் சேர்த்து ஒரே பியூஸ் கொடுத்திருப்பார்கள். அது போனால் நடு ரோட்டில் இரண்டும் ஒரே நொடியில் இருட்டு. ரிலேக்கு ஒரு பியூஸ், ஆளுக்கு 15 ஆம்ப் என்று இருக்கும் கிட் கிடைத்தால் விலை கூடினாலும் அதையே எடுங்கள். கிடைக்காவிட்டால் இன்னொரு பியூஸ் ஹோல்டர் வாங்கிப் பிரித்துவிடலாம். 30 ஆம்ப் பியூஸோடு வரும் கிட்டில் அதைத் தூக்கி எறியுங்கள்: வழக்கமான 60/55 வாட் பல்புக்கு அவ்வளவு தேவையில்லை, ஷார்ட் ஆனால் பியூஸ் போகும் முன் வயர் எரியலாம்.

மாட்டுவது ஒன்றரை மணி நேர வேலை. பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். ரிலேக்களை அவற்றின் பின்கள் கீழே பார்க்கும்படி பொருத்துங்கள். மேலே பார்த்தால் தண்ணீர் தங்கும். பியூஸ் ஹோல்டர் பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்கட்டும். ஒரு லைட்டிலிருந்து மறு லைட்டுக்குப் போகும் வயரை ரேடியேட்டரின் மேல் தகட்டை ஒட்டி, ஃபேனுக்கு எட்டாமல், நெளி குழாய்க்குள் விட்டுக் கட்டுங்கள். அம்பாசடர் அகலமான வண்டி. சின்னக் கார்களுக்கான கிட் எட்டாமல் போகலாம், ஒரு கயிறால் அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். எர்த் வயரை மட்டும் கிட்டில் கொடுத்தபடி விடாதீர்கள். மெல்லிசாகக் கொடுத்து, பக்கத்துத் தகட்டில் முடுக்கச் சொல்வார்கள். இரண்டு லைட்டின் எர்த்தையும் 2.5 வயரில் சேர்த்து பேட்டரி நெகட்டிவுக்கே கொண்டுபோவது நல்லது.

மாட்டி முடித்தும் ரிலே 'டிக்' என்று அடிக்கவில்லை என்றால் கிட்டைத் திருப்பிக் கொடுக்கும் முன் ஒன்று பாருங்கள். ஜப்பானிய வடிவமைப்பில் வந்த சில கார்களில் சுவிட்ச் எர்த் பக்கம் இருக்கும்: பல்பின் பொதுப் பின்னுக்கு எப்போதும் பாசிட்டிவ், டிம் பிரைட் சுவிட்ச் எர்த்தைக் கொடுத்து மாற்றும். கிட்டின் ரிலே காயில் பாடியில் எர்த் ஆகியிருந்தால் இரண்டு முனையும் எர்த். ரிலே எப்படி அடிக்கும்? இரண்டு ரிலேயின் 85-ஆம் பின்னையும் (காயிலின் ஒரு முனை, மறுமுனை 86) பாடியிலிருந்து எடுத்து, பழைய ஹோல்டரின் பொதுப் பின்னோடு சேர்த்தால் வேலை செய்யும். ரிலேக்குள் டயோடு இருக்கும் வகை என்றால் 86-க்குப் பாசிட்டிவ் வரும்படி காயில் வயர் இரண்டையும் மாற்றிப் போடுங்கள். எந்த வகை என்று முன்பே தெரிய, லைட்டைப் போட்டுப் பழைய ஹோல்டரின் மூன்று பின்னையும் பாடியோடு வைத்து அளந்தால் போதும். டிம், பிரைட் எதில் வைத்தாலும் மாறாமல் அதே பின் 12 வோல்ட் காட்டினால் அது எர்த் சுவிட்ச் வண்டி.

பின்னாளில் ரிலே மாற்றும்போது எண்ணைப் படித்து வாங்குங்கள். லைட்டுக்குக் கரண்ட் போகும் பின் 87. பல கிட்டுகளில் நடுப் பின்னும் 87-தான், ஒன்று இடது லைட்டுக்கு, ஒன்று வலதுக்கு. நடுவில் 87ஏ (ரிலே அடிக்காதபோது இணைந்திருக்கும் பின்) இருக்கும் ரிலேயை அதில் செருகினால் லைட்டை அணைத்ததும் ஒரு பக்கம் எரியும், போட்டதும் அணையும். பேட்டரி விடிவதற்குள் இறங்கிவிடும்.

100/90 பல்பை மட்டும், கிட் இருக்கிறதே என்று இப்போதும் போடாதீர்கள். பிரைட்டில் இரண்டும் சேர்ந்து 17 ஆம்ப். 15 ஆம்ப் பியூஸ் நிற்காது, ரிஃப்ளெக்டரின் பூச்சு வெந்து உரியும், எதிரே வருகிறவருக்குக் கண் கூசும். டைனமோவில் ஓடும் பழைய அம்பாசடருக்குக் கணக்கு இன்னும் இறுக்கம். லூகாஸ் சி40 வகை டைனமோ முழு வேகத்தில் தருவதே சுமார் 22 ஆம்ப்தான், ஐட்லிங்கில் ஒன்றுமே தராது. அதில் 60/55-க்குக் கிட் போடலாம். சிக்னலில் நிற்கும்போது பார்க் லைட்டுக்கு இறக்கிக்கொள்ளுங்கள்.