கணக்கை அழித்த பிறகும் காசு எடுத்தார்கள்

பதினான்கு நாள் இலவசம் என்றது அந்த டிசைன் வலைத்தளம். கார்டு எண்ணைக் கேட்டபோதே யோசித்திருக்க வேண்டும். 'விதிமுறைகளை ஒப்புக்கொள்கிறேன்' என்ற பெட்டியில் டிக் அடித்துவிட்டு உள்ளே போனேன். என் படங்கள் நாற்பதை ஏற்றிப் பார்த்தேன். பிடிக்கவில்லை. ஒன்பதாம் நாளே 'கணக்கை அழி' பட்டனை அழுத்தினேன். 'உங்களைப் பிரிவதில் வருத்தம்' என்று மின்னஞ்சல்கூட வந்தது.

பதினைந்தாம் நாள் ஓராண்டுச் சந்தா மொத்தமும் கார்டிலிருந்து போனது.

கஸ்டமர் கேரில் கேட்டால், "கணக்கை அழிப்பது வேறு, சந்தாவை ரத்து செய்வது வேறு. பிரிவு 11-ஐப் பாருங்கள். லாகின் செய்து பில்லிங் பக்கத்தில் ரத்து செய்யலாம்" என்கிறார்கள். கணக்கே இல்லாதவன் எங்கே லாகின் செய்வது? நான்கு முறை கேட்டேன், நான்கு முறையும் அதே பதிலை ஒட்டினார்கள்.

அன்று இரவுதான் விதிமுறையை முதன்முறையாக முழுதாகப் படித்தேன். இலவசக் காலம் முடிய 24 மணி நேரத்துக்கு முன்பே ரத்து செய்ய வேண்டுமாம், அதுவும் அவர்கள் ஊர் நேரப்படி. ரீஃபண்ட் கிடையாது. வழக்கென்றால் அவர்கள் ஊர் நடுவரிடம்தான் போக வேண்டும். இதைவிட வயிற்றைக் கலக்கியது படங்கள் பற்றிய பிரிவு. பதிப்புரிமை என்னிடமே இருக்குமாம். ஆனால் அவற்றை உலகெங்கும், ராயல்டி இல்லாமல், நிரந்தரமாகப் பயன்படுத்தவும் பிறருக்குக் கொடுக்கவும் அவர்களுக்கு உரிமை உண்டாம். நிலம் உனக்கு, விளைச்சல் எனக்கு என்பதுபோல.

படிக்காமல் டிக் அடிப்பது நான் மட்டுமில்லை என்பது சின்ன ஆறுதல். 2017-இல் பிரிட்டனில் ஒரு வைஃபை நிறுவனம், கழிவறை கழுவுவது உட்பட 1,000 மணி நேரச் சமூகசேவை செய்ய வேண்டும் என்று விளையாட்டாக விதிமுறையில் சேர்த்துவைத்தது. இரண்டு வாரத்தில் 22,000-க்கும் மேற்பட்டோர் அதற்குச் சம்மதித்திருந்தார்கள்.

என்னைக் காப்பாற்றியது பக்கத்தின் உச்சியில் இருந்த 'கடைசியாகத் திருத்தப்பட்ட' தேதி. நான் கணக்கை அழித்ததற்கு மறுநாள்! இணையப் பக்கங்களின் பழைய வடிவங்களைச் சேமித்துவைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் தேடினால் பழைய பதிப்பு கிடைத்தது. அதில் பிரிவு 11 இருந்தது, ஆனால் 'கணக்கை அழித்தாலும் சந்தா தொடரும்' என்ற வரி இல்லை. விதிமுறையை எப்போது வேண்டுமானாலும் மாற்றுவோம், தொடர்ந்து பயன்படுத்தினால் அதுவே சம்மதம் என்றும் எழுதியிருந்தார்கள். நான்தான் தொடரவே இல்லையே! இரண்டு பதிப்புகளையும் அந்த மின்னஞ்சலையும் இணைத்து வங்கியில் புகார் கொடுத்தேன். ஏழு வாரம் இழுத்தடித்துப் பணம் திரும்பியது. எல்லாத் தளத்தின் பழைய பக்கமும் வேபேக் மெஷினில் இருக்காது, எனக்கு அதிர்ஷ்டம்.

இப்போதும் எல்லாவற்றையும் படிப்பதில்லை, யாரால் முடியும்? கார்டு எண் கேட்கும் தளமென்றால் மட்டும் அந்தப் பக்கத்தைத் திறந்து 'புதுப்பித்தல்', 'ரத்து', 'ரீஃபண்ட்', 'நிரந்தர' என்று தேடுகிறேன். டிக் அடிக்கும் அன்றே பக்கத்தைப் பிடிஎஃப்பாகச் சேமிக்கிறேன். ரத்து செய்தபின் வரும் உறுதி மின்னஞ்சலில் 'சந்தா' என்ற சொல் இருக்கிறதா என்றும் பார்க்கிறேன். எனக்கு வந்த மின்னஞ்சலில் அது இல்லை.

நாற்பது படங்களையும் நீக்கச் சொல்லி மூன்று முறை எழுதிவிட்டேன். இன்னும் பதில் இல்லை.