தொப்பூரில் நின்றால் ஒன்று, ஒகேனக்கல் ரோட்டில் நின்றால் வேறு

வழியில் வண்டி பழுதாகி நின்றால் உதவி கிடைக்க வாகன ஓட்டிகள் சங்கத்தில் சேரலாமா, இன்சூரன்ஸோடு ரோட்சைடு அசிஸ்டன்ஸ் போட்டாலே போதுமா என்று தர்மபுரியில் புதுசாகக் கார் எடுக்கிறவர்கள் கேட்கிறார்கள். வண்டி எந்த ரோட்டில் நிற்கப்போகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி என்று போகிற தேசிய நெடுஞ்சாலை 44 என்றால் யோசிக்கவே வேண்டாம், தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033. எந்த நேரமும் எடுப்பார்கள், சந்தா கிடையாது, ரோந்து வண்டி, கிரேன், ஆம்புலன்ஸ் எல்லாவற்றுக்கும் அதே எண்தான். சேலம் போகும் பக்கம் தொப்பூர் இறக்கத்தில் பிரேக் பிடிக்காத லாரி எப்போது பின்னால் வரும் என்று சொல்ல முடியாது, அங்கே இன்சூரன்ஸ் ஆள் வரட்டும் என்று காருக்குள் உட்கார்ந்திருக்காதீர்கள், இறங்கி ரோட்டை விட்டுத் தள்ளிப் போய் நின்று 1033-க்குப் போன் போடுங்கள். ஆனால் வழியை மறிக்காமல் வண்டியை அப்புறப்படுத்துவதுதான் 1033 ஆட்களின் வேலை, நம் மெக்கானிக் ஷெட் வரை இழுத்துவர மாட்டார்கள்.

பென்னாகரம் தாண்டி ஒகேனக்கல் காட்டு ரோட்டில் 1033 உதவாது, அது மாநில நெடுஞ்சாலை. போன வருடம் கிளட்ச் போய் அங்கே நின்றேன். சிக்னல் தேடி அரை கிலோமீட்டர் நடந்து இன்சூரன்ஸ் எண்ணைப் பிடித்தால், எதிர்முனைப் பெண் "பக்கத்தில் ஏதாவது மால் இருக்கிறதா சார்?" என்றார். குரங்குதான் இருந்தது! இழுவை வண்டி சேலத்திலிருந்து வர மூன்று மணி நேரம். இருந்தாலும் கைக்காசு செலவாகவில்லை, கார் வீட்டு ஷெட் வரை வந்து சேர்ந்தது. பாலிசி எடுக்கும்போதே இலவசமாக எத்தனை கிலோமீட்டர் இழுப்பார்கள், வருடத்துக்கு எத்தனை தடவை என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆட்டோமேட்டிக் கார் என்றால் மேலே ஏற்றிக்கொண்டு போகும் பிளாட்பெட்தான் வேண்டும் என்று அடித்துச் சொல்லுங்கள்.

சரி, சங்கம்? தென்னிந்திய ஆட்டோமொபைல் சங்கத்தின் தலைமையகம் சென்னையில் இருக்கிறது. அங்கே வசிப்பவருக்குப் பயன் இருக்கலாம், ஆனால் "கிருஷ்ணகிரியில் உங்கள் மெக்கானிக் யார், இழுவை வண்டி எங்கிருந்து வரும்" என்று கேட்காமல் நம்மூர்க்காரர் சந்தா கட்டக் கூடாது. வெளிநாட்டில் ஓட்ட சர்வதேச உரிமம் வேண்டுமென்றால் நம் ஆர்டிஓவிலேயே 1,000 ரூபாய்க்கு வாங்கலாம், ஒரு வருடம் செல்லும். சொந்தக் காரையே எல்லை தாண்டி ஓட்டிப்போகிறவர் மட்டும் காரைத் திரும்பக் கொண்டுவராவிட்டால் சுங்கவரி கட்டப்படும் என்று உறுதி தரும் கார்னே பத்திரத்துக்காகச் சங்கங்களின் வாசலுக்குப் போகத்தான் வேண்டும். அப்படி ஒருவரை நம் ஜில்லாவில் நான் இன்னும் பார்க்கவில்லை.

அதனால் நான் இன்சூரன்ஸோடு நிறுத்திக்கொண்டேன். பென்னாகரம் ரெக்கவரி வண்டிக்காரர் எண்ணும் போனில் இருக்கிறது.