ஸ்டோரேஜ் பெட்டி வாங்கியாச்சா? முதலில் எஃப்எஸ்எக்ஸ் ஓட்டுங்கள்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் ஸ்டுடியோக்களுக்கும் கடைகளுக்கும் ஃபைல்களைச் சேமித்து வைக்கும் ஸ்டோரேஜ் பெட்டி அமைத்துக் கொடுப்பது என் வேலை. புதுப் பெட்டி வந்ததும் எல்லா இடத்திலும் ஒரே சோதனைதான் நடக்கும். பெரிய கல்யாண வீடியோ ஒன்றைக் காப்பி போட்டு, எம்டி5 (காப்பி அசலோடு ஒத்துப்போகிறதா என்று காட்டும் கைரேகை மாதிரியான எண்) சரியாக வருகிறதா என்று பார்த்துவிட்டு, சரி நல்லா இருக்கு என்று பில் போட்டுவிடுவார்கள். டிஸ்க்கும் கேபிளும் பரவாயில்லை என்று அதில் தெரியும், அவ்வளவுதான். ஒரு ஃபைலை முதலிலிருந்து கடைசி வரை நேராக ஒரே தடவை எழுதுவது எந்த ஃபைல் சிஸ்டத்துக்கும் (டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கி நிர்வகிக்கிற மென்பொருள்) கஷ்டமில்லை. எழுதிய ஃபைலின் நடுவில் திருத்துவது, வாலை வெட்டிச் சுருக்குவது, மறுபடி நீட்டுவது, ஒரு பக்கம் மெமரி மேப் (ஃபைலை மெமரியின் ஒரு பகுதி போலக் காட்டும் முறை) வழியாக எழுதிக்கொண்டே இன்னொரு பக்கம் சாதாரணமாகப் படிப்பது, தகராறெல்லாம் இங்கேதான் வரும். எஃப்எஸ்எக்ஸ் என்ற சோதனை மென்பொருள் குறிவைப்பதும் இந்த இடத்தைத்தான், எனக்குத் தெரிந்து இதற்கு இதைவிட நல்ல கருவி கிடையாது.

இது நேற்று வந்த சரக்கு இல்லை. 1991இல் நெக்ஸ்ட் கம்ப்யூட்டர் நிறுவனத்தில் அவி டெவானியன் எழுதினார், 1998இல் கான்ராட் மின்ஷால் திருத்தி எழுதினார், அப்புறம் ஃப்ரீபிஎஸ்டி, லினக்ஸ் ஆகிய ஆப்பரேட்டிங் சிஸ்டங்களுக்கும் வந்தது. இன்றைக்கு லினக்ஸ் ஃபைல் சிஸ்டம் எழுதுகிறவர்கள் தினமும் ஓட்டுகிற எஃப்எஸ்டெஸ்ட்ஸ் என்ற சோதனைத் தொகுப்புக்குள் இது இருக்கிறது. வேலை செய்யும் விதம் எளிது. ஒரே ஒரு ஃபைலை எடுத்துக்கொண்டு படிப்பது, எழுதுவது, வெட்டுவது, நீட்டுவது, நடுவில் ஓட்டை போடுவது என்று வரிசையே இல்லாமல் செய்துகொண்டே போகும். அந்த மாற்றங்களை எல்லாம் மெமரியில் வைத்திருக்கிற ஒரு நகலிலும் செய்து, ஒவ்வொரு தடவை படிக்கும்போதும் இரண்டையும் ஒப்பிடும். ஒரு பைட் மாறியிருந்தாலும் 'ரீட் பேட் டேட்டா' என்று சொல்லி அந்த இடத்திலேயே நின்றுவிடும். வரிசை இல்லை என்றாலும் எல்லாம் ஒரு சீட் எண்ணிலிருந்து (விதை மாதிரி, தொடக்கத்தில் கொடுக்கும் எண்) பிறப்பதால், அதே எண்ணைக் கொடுத்தால் அதே செயல்கள் அதே வரிசையில் திரும்ப வரும்.

நான் இதை முழுசாக நம்ப ஆரம்பித்தது மார்த்தாண்டத்தில் ஒரு ஹார்டுவேர் கடை விவகாரத்தில். பில்லிங் மென்பொருளின் டேட்டா ஃபைல் அடிக்கடி கெட்டுப்போனது. போட்டோ, வீடியோ எதுவும் கெடவில்லை, இது மட்டும்தான். பெட்டி விற்ற கம்பெனிக்குப் போன் போட்டால் கேபிளை மாற்றிப் பாருங்கள் என்றார்கள், மாற்றினோம், அப்புறமும் கெட்டது. கடைக்கார அண்ணன் வருத்தத்தோடு, "மக்கா, கணக்கு போச்சுன்னா நான் யார்கிட்ட போய் கடன் கேப்பேன்?" என்றார். அந்தப் பெட்டிக்குள் லினக்ஸ்தான் ஓடுகிறது, உள்ளே லாகின் செய்ய வழியும் இருந்தது. அதனால் எஃப்எஸ்எக்ஸை அதன் ஏஆர்எம் சிப்பில் ஓடும் புரோகிராமாகக் கம்பைல் செய்து உள்ளேயே ஓட்டினேன். டீ குடித்துவிட்டு வருவதற்குள் நின்றுவிட்டது.

அது காட்டிய பிழைச் செய்தியை இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், இந்தக் கருவியின் அருமை அதில்தான் இருக்கிறது. எஃப்எஸ்எக்ஸ் எழுதுகிற பைட்டுகள் சும்மா கண்டபடி இருப்பதில்லை. இரட்டைப்படை இடங்களில் எல்லாம், அது எத்தனையாவது செயலோ அந்த எண்ணை 256ஆல் வகுத்த மீதியை எழுதும். எங்களுக்கு வந்த கெட்ட பைட்டுகளில் இருந்தது 156. அப்படியென்றால் 156, 412, 668 ஆகிய செயல்களில் ஏதோ ஒன்று எழுதிய பைட். கீழே அச்சாகியிருந்த செயல் பட்டியலைப் பார்த்தால் 412ஆவது செயல்தான் அந்தப் பகுதியில் எழுதியிருந்தது. ஆனால் அதற்குப் பிறகு ஃபைல் 37,300 பைட்டுக்கு வெட்டப்பட்டு, அப்புறம் 52,000 பைட்டுக்கு மேலே ஒரு தடவை எழுதப்பட்டு மறுபடி நீண்டிருந்தது. விதிப்படி நடுவில் இருக்கிற இடம் முழுக்கப் பூஜ்யமாகப் படிக்க வேண்டும். 37,300 முதல் 40,960 வரை பழைய 156கள் அப்படியே கிடந்தன, 40,960க்குப் பிறகு சுத்தமாகப் பூஜ்யம். இங்கே லினக்ஸ் மெமரியை 4096 பைட் கொண்ட பக்கங்களாகப் பிரித்துக் கையாள்கிறது; 40,960 என்பது 4096இன் பத்து மடங்கு, சரியாகப் பக்க எல்லை. ஃபைலை வெட்டும்போது, வெட்டு விழுந்த பக்கத்தின் மிச்சத்தைத் துடைக்காமல் விட்டிருக்கிறார்கள். வெட்டிய டேட்டா செத்தும் சாகாமல் திரும்ப வந்து உட்கார்ந்துகொள்கிறது. எந்தப் பக்கத்தில், எந்தச் செயலில், எதனால் என்பது வரைக்கும் ஒரே திரையில் தெரிந்துவிட்டது. சீட் எண்ணையும் லாகையும் அனுப்பி வைத்த பிறகுதான் அந்தக் கம்பெனி பேச்சை மாற்றியது. அடுத்து வந்த ஃபர்ம்வேரில் (பெட்டிக்குள் ஓடும் மென்பொருளின் புதுப் பதிப்பு) அதே சீட் கடைசி வரை ஓடியது, கடைக்கார அண்ணனின் ஃபைலும் அதற்குப் பிறகு கெடவில்லை.

சின்னக் கம்பெனிப் பெட்டிதானே என்று நினைக்க வேண்டாம். 2023 டிசம்பரில் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் 6.1.64 பதிப்பில், இஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டத்தில் இருக்கிற டேட்டாவைக் கெடுக்கும் பிழை தெரியவந்து, டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பின் 12.3 வெளியீட்டை நிறுத்திவிட்டு நேராக 12.4 விட்டார்கள். அதற்கு முந்தின மாதம்தான் ஓபன்இசட்எஃப்எஸ் என்ற இன்னொரு ஃபைல் சிஸ்டத்தில், இப்போதுதான் எழுதிய ஃபைலைக் காப்பி எடுத்தால் நடுவில் பூஜ்யங்கள் வரும் என்ற பிழை பிடிபட்டு 2.2.2, 2.1.14 பதிப்புகளில் சரிசெய்யப்பட்டது. உலகம் முழுக்க ஓடுகிற ஃபைல் சிஸ்டங்களின் கதையே இப்படி.

குறைகளும் உண்டு. எஃப்எஸ்எக்ஸ் மட்டும் வேண்டும் என்றாலும் பெரும்பாலும் எஃப்எஸ்டெஸ்ட்ஸ் முழுவதையும் இறக்கி பில்ட் செய்ய வேண்டியிருக்கிறது, அதற்குத் தேவையான லைப்ரரிகளைத் தேடிப் போடுவதிலேயே பாதிப் பொழுது போய்விடும். ரஸ்ட் மொழியில் புதிதாக எழுதிய ஒன்றும் இருக்கிறது, அதை நிறுவுவது சுலபம். அப்புறம், சீட் எண் கொடுக்காவிட்டால் எப்போதும் 1 என்றே எடுத்துக்கொள்ளும். இது தெரியாமல் ராத்திரி முழுக்கத் திரும்பத் திரும்ப ஓட்டினால் அதே சோதனைதான் திரும்ப நடக்கும். பூஜ்யம் கொடுங்கள், நேரத்தைப் பார்த்துப் புது எண் எடுத்துக்கொள்ளும். எத்தனை செயல் என்று சொல்லாவிட்டால் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். முக்கியமாக, நீங்கள் கொடுக்கிற ஃபைலை முதலில் காலி செய்துவிட்டுத்தான் ஆரம்பிக்கும், ஆகவே வேலைக்கு உதவுகிற எந்த ஃபைலின் பெயரையும் கொடுத்துவிடாதீர்கள்.

இது பிடிக்காத பிழைகளும் இருக்கின்றன. ஃபைல் அளவு வழக்கமாக 256 கேபிதான், அதனால் டிஸ்க்கின் கெட்ட செக்டரை இதில் தேடாதீர்கள். 64 ஜிபி என்று ஒட்டி விற்கிற போலிப் பென்டிரைவைப் பிடிக்க எஃப்3 என்று தனிக் கருவி இருக்கிறது. படிப்பதும் பெரும்பாலும் கேஷிலிருந்துதான் (மெமரியில் இருக்கும் தற்காலிக நகல்), டிஸ்க் வரைக்கும் போக வேண்டுமென்றால் டைரக்ட் ஐஓ ஆப்ஷனைப் போட்டு இன்னொரு சுற்று ஓட்ட வேண்டும். ஒரே புரோகிராம் ஒரே ஃபைலைத் தொடுவதால், பல புரோகிராம்கள் ஒரே சமயத்தில் மோதும்போது வருகிற பிழைகள் இதில் சிக்குவது அபூர்வம். அதற்கு அதே தொகுப்பில் எஃப்எஸ்ஸ்ட்ரெஸ் இருக்கிறது.

நம்ம மாவட்டத்துக்குப் பெரிய விஷயம் கரண்ட். ஆனி ஆடிச் சாரலுக்கும் மழை, ஐப்பசி கார்த்திகைக்கும் மழை, காற்றடித்தால் ரப்பர் கிளை லைனில் விழும். 2017 நவம்பர் 30 ஒக்கி புயலுக்குப் பிறகு நாள் கணக்கில் இருட்டில் இருந்தோம். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் ஃபைல் என்ன ஆகும் என்று எஃப்எஸ்எக்ஸ் தனியாகச் சொல்லாது. லினக்ஸில் டிஎம் லாக் ரைட்ஸ் என்ற அடுக்கோடு சேர்த்து ஓட்டினால் சொல்லும். டிஸ்க்கில் எழுதப்படுகிற ஒவ்வொன்றையும் அந்த அடுக்கு வரிசையாகப் பதிந்து வைக்கும். ஒவ்வொரு எஃப்சிங்க் (எழுதியதை டிஸ்க்கில் உறுதியாகச் சேர்க்கச் சொல்லும் கட்டளை) முடிந்ததும் எஃப்எஸ்எக்ஸ் அங்கே ஒரு குறி போட்டு, அந்த நேரத்து ஃபைலின் நகலையும் எடுத்து வைக்கும். பிறகு அந்தக் குறி வரைக்கும் மட்டும் பதிந்தவற்றை டிஸ்க்கில் திரும்ப எழுதி, மவுன்ட் செய்து (ஃபைல் சிஸ்டத்தைத் திறந்து), நகலோடு ஒப்பிடலாம். செட்டப் செய்ய மெனக்கெட வேண்டும், சோதனைக்கென்று காலி டிஸ்க்கும் வேண்டும். ஆனால் இன்வெர்ட்டர் இருக்கிறது என்று சொல்லி இதை விட்டுவிடுகிறவர்களை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், இன்வெர்ட்டர் பேட்டரியும் ஒரு நாள் கைவிடும்.

ஐந்துக்கு நாலரை கொடுப்பேன், குறைத்த அரை அந்த பில்ட் தொல்லைக்கும் சீட் விஷயத்துக்கும். வெளியூர் கம்பெனி எதுவாக இருந்தாலும் சரி, புதுப் பெட்டியோ புது ஃபர்ம்வேரோ வந்தால் சாயங்காலம் சீட் பூஜ்யத்தில் ஓட விட்டுவிட்டு வீட்டுக்குப் போங்கள். காலையில் நின்றிருந்தால் சீட் எண், லாக், பக்கத்தில் அது எழுதி வைத்திருக்கும் சரியான நகல், கெட்ட ஃபைல் நான்கையும் எடுத்து வைத்த பிறகு கம்பெனிக்குப் போன் போடுங்கள்.